லுனாசா, லாம்மஸ்: முதல் அறுவடைக் கொண்டாட்டத்தில் எது பழசு, எது புதுசு, எப்படிச் செய்வது?

தாழ்வாரம் எழுதியது:

ஐரோப்பியப் பேகன் மரபில் (கிறிஸ்தவம் சாராத பழைய வழிபாட்டு மரபு) ஆகஸ்ட் 1 அன்று வரும் முதல் அறுவடை விழா பற்றி விவரமாகப் பேசலாமா? தேடினால் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்கிறது: வைக்கோல் பொம்மை, கோதுமைக்கட்டு வடிவ ரொட்டி, மலையிலிருந்து உருட்டிவிடும் தீச்சக்கரம், லூ என்ற சூரியக் கடவுள். இதில் எது உண்மையிலேயே அந்த நாளுக்கு உரியது? செய்முறை தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள். "மனதார நன்றி சொல்லுங்கள்" வகை ஆலோசனை வேண்டாம். அது ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது.

வரப்போரம் எழுதியது:

நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட முழுசாகத் தேறாது. ரொட்டி தேறும், ஆனால் அந்த வடிவத்தில் இல்லை. வைக்கோல் பொம்மை அறுவடை முடிவுக்கு உரியது. தீச்சக்கரம் ஜூன் மாத நடுக்கோடை விழாவோடு சேர்ந்தது. லூவைச் சூரியன் ஆக்கியது 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் ஊகம். பழைய ஐரிஷ் கதைகளில் அவன் எல்லாத் தொழிலும் கைவந்தவன். தச்சன், கொல்லன், வீரன், யாழ் வாசிப்பவன் எல்லாம் அவனே.

முதலில் இரண்டு மரபுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லுனாசா அயர்லாந்துக்கு உரியது. இன்றைய ஐரிஷ் மொழியில் ஆகஸ்ட் மாதத்தின் பெயரே லூனசாதான். கதைப்படி லூவின் வளர்ப்புத்தாய் டால்ட்யு காட்டை அழித்து வயல் ஆக்கி, அந்தக் களைப்பிலேயே இறந்துபோகிறாள். அவள் நினைவாக லூ ஏற்படுத்திய விளையாட்டுக் கூட்டம்தான் இது. மீத் கவுன்டியில் உள்ள டெல்டவுன் என்ற இடத்தில் கூடுவார்கள். குதிரைப் பந்தயம், வழக்கு, வியாபாரம், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேயே நடக்கும். பார்த்தால் சந்தையும் பஞ்சாயத்தும் கலந்த ஒன்று. இந்தப் பெயரிலேயே 1924, 1928, 1932இல் அயர்லாந்து அரசு டால்ட்யன் விளையாட்டுப் போட்டிகளை மறுபடி நடத்தியது.

இதில் உழவு எங்கே வருகிறது என்று கேட்பார்கள். மொய்துரா போர்க்கதையில் வருகிறது. லூ தரப்பிடம் தோற்றுப்போன அரசன் ப்ரெஸ் உயிர்ப்பிச்சை கேட்கிறான். எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று சொன்னால் விடுகிறோம் என்கிறார்கள். மூன்றுக்கும் அவன் சொல்லும் பதில் செவ்வாய்க்கிழமை. "செவ்வாயோ வெறுவாயோ" என்று சொல்லி நல்ல காரியத்தைத் தள்ளிவைக்கும் நமக்கு அது கொஞ்சம் இடிக்கும்.

லாம்மஸ் இங்கிலாந்துக்கு உரியது. புதுத் தானியத்தில் சுட்ட ரொட்டியை ஆகஸ்ட் 1 அன்று தேவாலயத்தில் ஆசீர்வதிப்பார்கள். ஆங்கிலோ-சாக்சன் கையெழுத்துப் பிரதி ஒன்றில் ஒரு காப்புச் சடங்கும் இருக்கிறது: அந்த ரொட்டியை நான்காகப் பிட்டு, களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் உதிர்த்துவிட்டால் தானியத்துக்குச் சேதம் வராது. ரொட்டி கோவிலுக்குப் போய்வந்தது, உதிர்த்த இடம் களஞ்சியம். இதைக் கிறிஸ்தவம் என்பதா பேகன் என்பதா என்று அடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வம் இல்லை.

இந்த இரண்டையும் ஒட்டி, எட்டு விழா கொண்ட ஆண்டுச் சக்கரத்தில் ஏற்றியது 1950களில். ஜெரால்ட் கார்ட்னரின் விக்கா என்ற நவீனப் பேகன் குழுவும், ராஸ் நிக்கல்ஸ் சார்ந்த ட்ரூயிட் (பண்டைக் கெல்டியப் பூசாரிகளின் பெயரைச் சூடிய) வட்டமும் அதற்குக் காரணம். "மூன்று அறுவடைகளில் முதலாவது" என்ற கணக்கும் அந்தச் சக்கரத்தோடு பரவியதுதான். புதுசு என்பதால் தப்பு என்று சொல்லவில்லை, வயது தெரிந்து செய்யுங்கள் என்கிறேன்.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

வரப்போரம் அண்ணா ஏட்டுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நாட்டுப்புறப் பக்கம் இன்னும் சுவையானது, ஏனென்றால் அது 20ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. மாய்ரே மக்நீல் 1962இல் வெளியிட்ட ஆய்வு அயர்லாந்து முழுக்க இந்த இடங்களைத் தொகுத்துத் தருகிறது.

மக்கள் ஆகஸ்ட் 1ஐக் கொண்டாடவில்லை. ஜூலையின் கடைசி ஞாயிறு அல்லது ஆகஸ்டின் முதல் ஞாயிறு. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: மாலை ஞாயிறு (பூமாலை), பில்பெரி என்ற காட்டுப் பழத்தின் பெயரில் பில்பெரி ஞாயிறு, க்ரோம் டுவ் ஞாயிறு. அன்று குன்றில் ஏறுவார்கள், இல்லாவிட்டால் ஏரிக்கரையிலோ புனிதக் கிணற்றடியிலோ கூடுவார்கள். மேயோ கவுன்டியில் 764 மீட்டர் உயர க்ரோ பேட்ரிக் மலையில் இன்றும் ஜூலை கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. இப்போது அது கத்தோலிக்க யாத்திரை. நாளும் இடமும் பழைய அறுவடைக் கூட்டத்தோடு பொருந்துகின்றன.

ஏன் அந்த நாள்? பசிதான் காரணம். பழைய விளைச்சல் தீர்ந்து, புதுசு வராமல், முட்டைக்கோஸையும் காட்டுக்கீரையையும் வைத்து ஜூலையை ஓட்டுவார்கள். அந்த ஞாயிறுக்கு முன் கிழங்கைத் தோண்டினால் ஆகாது என்று கட்டுப்பாடு. முற்றாத கிழங்கைத் தோண்டினால் ஆண்டு முழுக்கச் சாப்பாட்டில் துண்டு விழும், அதனால் அந்த விலக்கு வெறும் மூடநம்பிக்கை அல்ல. அன்று முதல் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் முட்டைக்கோஸும் கலந்து கொல்கானன் செய்வார்கள். உருளைக்கிழங்கு அயர்லாந்துக்கு வந்ததே சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்தான். அதற்கு முன் அந்த இடத்தில் ஓட்ஸும் பார்லியும் இருந்தன.

பில்பெரி பறிப்பவர்களுக்கு: பண்ணை புளூபெரியை வாங்கி வந்து "இதுதான் அது" என்று ஏமாறாதீர்கள். பண்ணைப் பழம் உள்ளே வெளிறிய பச்சை, கொத்தாகக் காய்க்கும். பில்பெரி உள்ளேயும் கருநீலம், முழங்கால் உயரச் செடியில் ஒன்றிரண்டாகத் தொங்கும், பறித்த விரல் இரண்டு நாள் ஊதாவாகவே இருக்கும். அமில மண் உள்ள மேட்டு நிலத்தில்தான் வளரும். பழம் நிறைய இருந்தால் கதிரும் நன்றாக விளையும் என்று குறி பார்ப்பார்கள். பறித்த பழத்தில் கேக் சுட்டுப் பெண்கள் தங்களுக்குப் பிடித்த பையனுக்குக் கொடுப்பதும் உண்டு. சில குன்றுகளில், போகும்போது சூடிய பூவை உச்சியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு இறங்குவார்கள், கோடை முடிந்தது என்பதற்கு அடையாளமாக.

கெர்ரியில் கில்லார்க்லின் ஊரின் பக் சந்தை ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடக்கும். காட்டு வெள்ளாட்டைப் பிடித்து வந்து முடிசூட்டி உயர மேடையில் ஏற்றுவார்கள். 2022 வெயிலில் ஆட்டை மேடையிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. பேகன் மிச்சம் என்று பலர் சொல்கிறார்கள். 1613இல் கொடுத்த சந்தை உரிமைப் பத்திரத்துக்கு முந்தைய ஆதாரம் எதையும் வைத்து யாரும் அதை நிறுவவில்லை.

தாழ்வாரம் எழுதியது:

அருமை. அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது எது? முதல் கதிரை அறுத்து அன்றே ரொட்டி சுடுவது சாத்தியமா? அடுப்பங்கரை அக்கா இந்தப் பக்கம் வருவீர்களா?

அடுப்பங்கரை எழுதியது:

வந்தேன். சாத்தியம், பார்லியாக இருந்தால். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கோதுமை பெரும்பாலும் ஆகஸ்டில்தான் அறுப்புக்கு வரும். இலையுதிர்காலத்தில் விதைத்த பார்லி ஜூலையிலேயே தயார். ஆகஸ்ட் 1 அன்று கடைக் கோதுமை மாவில் சுட்டால் அது போன வருட விளைச்சல், முதல் அறுவடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய முறைக்கு க்ராடன் என்று பெயர். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் பற்றி மார்ட்டின் மார்ட்டின் 1703இல் எழுதியிருக்கிறார்: பெண் உட்கார்ந்து இடது கையில் ஒரு பிடி தாளைப் பிடித்து, கதிர்ப் பக்கம் தீ வைப்பாள். வலது கையில் குச்சி. உமி எரிந்து தீரும் அந்தக் கணத்தில் மணியைத் தட்டி உதிர்ப்பாள். ஒரு நொடி பிந்தினால் மணி கருகும், முந்தினால் உமி போகாது. அறுத்து, பொசுக்கி, புடைத்து, அரைத்து, ரொட்டி சுட ஒரு மணி நேரம் போதும் என்கிறார்.

இப்போது அளவு. இருவரிசைப் பார்லிக் கதிரில் சுமார் 25 மணி. ஆயிரம் மணி 45 முதல் 50 கிராம். ஆக ஒரு கதிருக்கு 1.2 கிராம்தான். உமி, கருகல், சிதறல் எல்லாம் போக 200 கிராம் மாவு வேண்டுமென்றால் 220, 230 கதிராவது வெட்டுங்கள்.

கதிர் காய்ந்திருக்க வேண்டும். மணியைப் பல்லில் கடித்தால் சட்டென உடைய வேண்டும். பல் தடம் பதிந்தால் ஈரம் இருக்கிறது, தீயில் வேகுமே தவிர உமி பொசுங்காது. ஒரு தடவைக்கு 15 கதிருக்கு மேல் பிடிக்காதீர்கள். பார்லியின் கூர் மீசை குபீரென்று பற்றும், கதிரைத் தலைகீழாகப் பிடித்தால் சுவாலை கைக்கு ஏறும். கிடைமட்டமாகப் பிடித்து இரும்புத் தட்டின் மேல் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். புல்தரையில் வேண்டவே வேண்டாம். பிறகு முரட்டுத் துணியில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்து, மிக்ஸியிலோ திரிகையிலோ அரைக்கலாம். நைசாக வராது, அது பரவாயில்லை.

பானொக்குக்கு (கல்லில் சுடும் தட்டை ரொட்டி): மாவு 200 கிராம், உப்பு 3 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் 160 முதல் 170 மில்லி. தண்ணீர் கொதித்தே இருக்க வேண்டும். பார்லியில் இழுவை குறைவு, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே விளிம்பு வெடிக்கும். இடியாப்ப மாவுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிக் கரண்டியால் கிளறி, 15 நிமிடம் மூடி வையுங்கள். 7, 8 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, இரும்பு தோசைக்கல்லில் மிதமான சூட்டில் பக்கத்துக்கு 6, 7 நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே புள்ளி விழுந்து உள்ளே களியாக நிற்கும். எண்ணெய் வேண்டாம், கல்லில் மாவைத் தூவிப் பாருங்கள்: மெல்லப் பழுப்பானால் பதம், உடனே கருத்தால் சூடு அதிகம்.

வரப்போரம் எழுதியது:

அக்கா சொன்னதற்குச் சடங்கு வடிவமும் உண்டு. அலெக்சாண்டர் கார்மைக்கேல் 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி பேசும் மக்களிடம் தொகுத்ததில் இருக்கிறது. நாள் ஆகஸ்ட் 15, மரியாளின் விழா. காலையில் முதல் கதிரைக் கொய்து, பாறையில் காயவைத்து, கையால் கசக்கி, திரிகையில் அரைத்து, ஆட்டுத்தோல் மேல் பிசைவார்கள். ராவன் மரச் சுள்ளித் தீயில் சுடுவார்கள். வீட்டுத் தலைவர் பிட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயது வரிசையில் கொடுப்பார். பிறகு குடும்பமே பாடிக்கொண்டு தீயை வலம் வரும், கடிகாரம் சுற்றும் திசையில். கடைசியில் தணலையும் பழைய இரும்புத் துண்டுகளையும் ஒரு பானையில் போட்டு, வீட்டைச் சுற்றி எடுத்து வருவார்கள்.

மரியாளின் பெயரால் நடந்ததுதான், ஆனால் இன்றைய பேகன் குழுக்கள் பயன்படுத்தும் பெரும்பாலான "பண்டைய" சடங்குக் குறிப்புகளைவிட இதில் கை வேலை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு எட்டு விழாச் சக்கரத்தைவிட இந்த ஒரு பானொக் மேல் நம்பிக்கை அதிகம்.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

கதிர் கொய்யப் போகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அறுவடைக்கு முன் வயலில் களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. உழவரிடம் அனுமதி கேட்கும்போதே என்ன அடித்தார், என்றைக்கு அடித்தார் என்றும் கேளுங்கள். இரண்டு, கதிரில் மணிக்குப் பதில் கருநீலக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருந்தால் அது எர்காட். நம்மூர்க் கம்பில் வரும் தேனொழுகல் நோய்க்கு உறவு. ரை, பார்லி, கோதுமை எல்லாவற்றிலும் வரும், ரையில் அதிகம். அந்தக் கதிரை அப்படியே ஒதுக்குங்கள். சுட்டால் விஷம் முழுதாகப் போய்விடாது.

தாழ்வாரம் எழுதியது:

வைக்கோல் பொம்மையை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே. அதற்கு வாதாட யாரும் இல்லையா?

வைக்கோல்போர் எழுதியது:

வாதாட முடியாது, வரப்போரம் சொன்னது சரி. கடைசி அரிக்கட்டில் பின்னியதுதான் அது. கார்ன்வாலில் கடைசிப் பிடியை அறுத்தவர் அதைத் தூக்கிப் பிடித்து "கிடைத்துவிட்டது" என்று மூன்று முறை கத்த, மற்றவர்கள் "என்ன அது?" என்று மூன்று முறை கேட்க, "கழுத்து!" (அந்தக் கடைசிப் பிடிக்கு அதுதான் பெயர்) என்று பதில் வரும். அறுப்பு முடிந்தது என்ற அறிவிப்பு அது. முதல் நாளே கத்தினால் அர்த்தமில்லை.

ஆனால் ஒரு நடைமுறைக் காரணத்துக்காக ஆகஸ்ட் தொடக்கத்தில் தாளை வெட்டத்தான் வேண்டும். பின்னலுக்கான தாள் முழுதாக முற்றக் கூடாது. வயல் பொன்னிறம் ஆகி, கணுவில் மட்டும் இன்னும் பச்சை தெரியும் பருவம், அதாவது அறுப்புக்குச் சுமார் இரண்டு வாரம் முன். முற்றியது வளைத்தால் ஒடியும்.

அடுத்து ரகம். இப்போதைய கோதுமை குட்டை. தாள் நீளம் போதாது, சிலவற்றில் உள்ளே சோறு பிடித்திருக்கும். மாரிஸ் விட்ஜன் போன்ற உயரமான பழைய ரகம் தேடுங்கள், கூரை வேய்பவர்களிடம் கிடைக்கும். கதிருக்குக் கீழே முதல் கணுவுக்கு மேலே வெட்டி, இலையுறையை உரித்துவிடுங்கள். பயன்படுவது அந்த ஒரு துண்டுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துண்டில் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். ஊறாவிட்டால் நெடுக்காகக் கீறும். ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தால் நிறம் மங்கி வழவழக்கும்.

ஐந்து தாள் சுருள் பின்னல்: ஐந்தையும் கதிருக்குச் சற்றுக் கீழே பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, கதிர் கீழே பார்க்கப் பிடியுங்கள். தாள்களை மடித்து நான்கு திசைக்கும் விரியுங்கள், ஐந்தாவது ஏதாவது ஒன்றோடு சேர்ந்து நிற்கும். வரிசையாக 1 முதல் 5 என்று வைத்துக்கொள்வோம். 1ஐ 2, 3 மேலாகக் கடத்தி, 3க்கும் 4க்கும் நடுவில் விடுங்கள். இப்போது கடைசியாகத் தாண்டப்பட்ட 3 கிளம்பும்: அது 1, 4 இரண்டையும் தாண்டி 4க்கும் 5க்கும் நடுவில் விழும். பிறகு 4, 3ஐயும் 5ஐயும் தாண்டும். ஒவ்வொரு தடவையும் பின்னலைக் கால் சுற்றுத் திருப்புங்கள். தாளை அடியில் இருக்கும் தாளுக்கு வெளிப்புறமாக வைத்தால் சுருள் அகலும், உட்புறமாக வைத்தால் குறுகும். புதுசாகச் சேர்க்கும்போது பழைய தாளை ஒரு மூலை தாண்டியதும் வெட்டி, அதன் துளைக்குள் புதியதன் மெல்லிய முனையைச் செருகுங்கள். மூலையிலேயே செருகினால் அடுத்த மடிப்பில் பிடுங்கிக்கொண்டு வரும்.

கடைகளில் தங்கநிறச் சாயம் பூசி, பிளாஸ்டிக் ரிப்பன் கட்டி விற்பதை வாங்கி மண்ணில் புதைப்பதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. மக்காததை ஏன் புதைக்கிறீர்கள்?

அடுப்பங்கரை எழுதியது:

வைக்கோல்போர் அண்ணே, அப்படியே கோதுமைக்கட்டு ரொட்டியையும் முடித்துவிடுகிறேன். இது ஆங்கிலத் தேவாலய அறுவடை நன்றி வழிபாட்டோடு சேர்ந்தது. அந்த வழிபாட்டை இன்றைய வடிவில் 1843இல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரில் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர் தொடங்கினார். அதுவும் அக்டோபரில். இருந்தாலும் பார்க்க அழகு, ஆசைப்படுபவர்கள் செய்யட்டும்.

கெட்டி மாவு வேண்டும்: ரொட்டி மைதா 1 கிலோ, உப்பு 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், தண்ணீர் 540 மில்லி. ஈஸ்ட்டைக் குறைத்திருப்பது காரணமாகத்தான், பொங்கினால் செதுக்கிய வடிவம் எல்லாம் உப்பி மறையும். 500 கிராமை ஒரு செ.மீ. கனத்தில் காளான் வடிவில் விரித்து முள்கரண்டியால் குத்துங்கள், இல்லையேல் அடியில் காற்று எழும்பி நடுவில் மேடு தட்டும். 350 கிராமில் 30 தாள், 600 கிராமில் 60 கதிர். ஒவ்வொரு கதிரையும் கத்தரிக்கோலைச் சாய்த்துப் பிடித்து மூன்று வரிசை நறுக்குங்கள். மிச்சத்தில் பின்னிய கச்சையும் ஒரு எலியும். ஆமாம், தாளில் ஏறும் எலி இல்லாமல் இந்த ரொட்டி முழுமையாகாது, கண்ணுக்கு மிளகோ உலர்திராட்சையோ வையுங்கள். ஒட்டத் தண்ணீர் தடவினால் போதும்.

கதிர் நறுக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் ஒட்டியவை அதற்குள் உப்பிவிடும். ஆகவே மீதி மாவைக் குளிர்பெட்டியில் வைத்து, கைப்பிடி கைப்பிடியாக எடுங்கள். முட்டை பூசி 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180இல் 25 நிமிடம். கதிர் முனை முந்திக் கருத்தால் அலுமினியத் தாள் மூடுங்கள். மாட்டிவைக்க மட்டும் என்றால் அதற்குப் பிறகு 120இல் நான்கைந்து மணி நேரம் காயவிட வேண்டும், அப்போது சாப்பிட முடியாது.

தென்துருவம் எழுதியது:

மெல்பர்னில் இருப்பவர்கள் என்ன செய்வது? இங்குள்ள குழுக்கள் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி பிப்ரவரி 1 அன்று கொண்டாடுகின்றன. ஆனால் விக்டோரியாவில் கோதுமை, பார்லி அறுப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் வயலில் தாள்கட்டைதான் நிற்கும்.

வரப்போரம் எழுதியது:

தேதியை விடுங்கள், பயிரைப் பிடியுங்கள். இங்கிலாந்திலேயே 1752இல் நாள்காட்டி மாறி 11 நாள் போனதும் பழைய லாம்மஸ் ஆகஸ்ட் 12க்குத் தள்ளியது. ஸ்காட்லாந்தில் காலாண்டு கணக்கு நாளான லாம்மஸை 1990 சட்டம் ஆகஸ்ட் 28 ஆக்கியது. விக்டோரியாவில் பார்லிக் கதிரை நவம்பர் கடைசியில் கொய்து பானொக் சுடுங்கள். பிப்ரவரி 1ஐ விடக்கூடாது என்றால், அப்போது பழுக்கத் தொடங்கும் திராட்சையை எடுத்துக்கொள்ளலாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

தீ மூட்டுவது பற்றி ஒரு குறிப்பு. பில்பெரி வளரும் மேட்டு நிலம் பெரும்பாலும் கரிமண். மேலே அணைந்த தீ அடியில் நாள்கணக்கில் புகைந்து வேறிடத்தில் எழும். ஆஸ்திரேலியாவில் கோடையில் தீத்தடை நாட்கள் உண்டு, அன்று வெளியில் மெழுகுவர்த்திகூட வேண்டாம். பழங்காலக் கல்வட்டங்களில் மெழுகு சொட்டவிடுவதும் அப்படியே, கறை கல்லை விட்டுப் போகாது.

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பார்லிக்குப் போகிறேன். கடைசிக் கேள்வி: செப்டம்பரில் பொம்மை பின்னினால் வசந்தம் வரை எங்கே வைப்பது?

வைக்கோல்போர் எழுதியது:

அடுப்புக்கு மேலே, எலி எட்டாத உயரத்தில், ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள். கதிரில் மணி இருக்கும் வரை எலியும் அந்துப்பூச்சியும் வரும். தொங்கவிடுவதற்கு முன் மூன்று நாள் உறைபெட்டியில் போட்டு எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும், ஆனால் அந்த மணி முளைக்கவேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகே உறையவையுங்கள். ஜனவரி 6க்கு அடுத்த திங்கட்கிழமைக்கு இங்கிலாந்தில் உழவுத் திங்கள் என்று பெயர். அன்று உழும் முதல் சாலில் பொம்மையை வைத்து மண் மூடலாம். தோட்டம் இல்லாவிட்டால் தொட்டி மண்ணும் போதும், நூலை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.